பினாங்கில் இரண்டே நாள்: கடாரத்துக் கோயில் இடிபாடுகளைச் சைக்கிளில் பார்க்க முடியுமா?

தங்கச்சி, உங்கள் கேள்வியைச் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார்க்க ஒருமுறை திருப்பிச் சொல்கிறேன். நீங்களும் உங்கள் தோழியும் திருச்சிக்காரர்கள். முதுகில் ஆளுக்கொரு பை. பேங்காக்கில் தொடங்கி ரயிலிலும் பஸ்ஸிலுமாகக் கோலாலம்பூர் வரை வருகிறீர்கள். ஜனவரிக் கடைசியில் பினாங்கில் இரண்டு நாள் தங்கல். அதில் ராசேந்திர சோழன் படையெடுத்த கடாரத்தின் கோயில் இடிபாடுகளைச் சைக்கிளில் சுற்றிப் பார்க்க ஆசை. "அங்கே நாலு கல்லுதான் கிடக்கு, அதுக்கு ஒரு நாளைக் கெடுத்துக்காதீங்க" என்று ஒருவர் சொல்லிவிட்டார். போகலாமா, வேண்டாமா, இரண்டு பெண்கள் தனியாகப் போவது சரிப்படுமா?

போங்கள், சரிப்படும்.

ஆனால் எதைப் பார்க்கப் போகிறோம் என்று தெரிந்துகொண்டு போக வேண்டும். தஞ்சைப் பெரிய கோயிலை மனத்தில் வைத்துக்கொண்டு வந்தால் ஏமாந்துதான் திரும்புவீர்கள். இன்றைய கெடா மாநிலம்தான் அந்தக் கடாரம். அங்கே இடிபாடுகள் கிடக்கும் பூஜாங் பள்ளத்தாக்கில் கோபுரம் இல்லை, விமானம் இல்லை, ஆள் உயரத்துக்கு நிற்கும் சுவர்கூட இல்லை. எஞ்சியிருப்பவை அடித்தளங்கள். கங்கைகொண்ட சோழபுரம் போனபோது பக்கத்தில் மாளிகைமேட்டை எட்டிப் பார்த்திருப்பீர்கள். ராசேந்திரனின் அரண்மனை இருந்த இடத்தில் இன்று தரையோடு தரையாகச் செங்கல் வரிசைதானே கிடக்கிறது? வென்றவன் அரண்மனையும் தோற்றவன் நாட்டுக் கோயிலும் இன்றைக்கு ஒரே உயரம். மாளிகைமேட்டில் பத்து நிமிடமாவது நின்று யோசித்தவர் என்றால் இங்கே ஒரு நாள் போதாது உங்களுக்கு.

அந்த நண்பர் காரில் போயிருப்பார் என்று நினைக்கிறேன். காரில் போனால் பள்ளத்தாக்கில் உள்ள தொல்லியல் அருங்காட்சியக வாசலில் இறங்கி, அரை மணி நேரத்தில் நாலு மேடையைப் பார்த்துப் படம் பிடித்துவிட்டுத் திரும்பிவிடலாம். அந்தக் கோயில்கள் ஏன் அங்கே எழுந்தன என்பதைக் கற்கள் சொல்லாது. மலையும் ஆறும் கழிமுகமும் சொல்லும். மூன்றையும் ஒரே நாளில், மெதுவாக, உடம்பில் வெயில் படப் பார்க்க சைக்கிளைவிட நல்ல வண்டி கிடையாது.

எனக்கு இந்த இடத்தோடு உள்ள உறவைச் சொல்லிவிடுகிறேன். என் அப்பா கெடாவில் பீடோங் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டினவர், அதாவது ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுத்தவர். நான் அங்கே பிறந்து, கல்யாணம் ஆன பிறகு பினாங்குக்கு வந்தவள். சின்ன வயதில் மரங்களுக்கு நடுவே செங்கல் மேடு ஒன்று இருந்தது. இப்போது கிடைக்கும் செங்கல்லைவிட அகலம், தட்டை. விறகு பொறுக்கப் போகும் அம்மாக்கள் அடுப்புக் கூட்ட இரண்டு மூன்றை எடுத்து வருவார்கள். எங்கள் வீட்டுப் பின்கட்டு அடுப்பிலும் அப்படி ஒரு கல் இருந்தது. அது என்ன கல்லாக இருக்கும் என்று எனக்கு முப்பது வயதுக்கு மேல் அருங்காட்சியகத்தில் நின்றபோதுதான் உறைத்தது. அதற்குப் பிறகு ஆண்டுக்கு இரண்டு முறையாவது சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்வருகிறேன்.

சரி, வழி. பினாங்கின் தலைநகர் ஜார்ஜ்டவுனிலிருந்து போகவர முழுத் தூரத்தையும் ஒரே நாளில் மிதிக்கலாம் என்று நினைக்காதீர்கள். நெடுஞ்சாலை லாரிகளோடு மல்லுக்கட்டியே பாதி நாள் போய்விடும். படகு, ரயில், சைக்கிள் மூன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜனவரியில் இங்கே ஏழரை மணியை ஒட்டித்தான் சூரியன் தலைகாட்டும், அதனால் இருட்டிலேயே கிளம்ப வேண்டியிருக்கும், முன்விளக்கும் பின்விளக்கும் கட்டாயம். ஜார்ஜ்டவுன் படகுத்துறையிலிருந்து பட்டர்வொர்த் போகும் படகில் இப்போது காரை ஏற்றுவதில்லை. நடந்து வருவோரும் மோட்டார்சைக்கிளும் சைக்கிளும் மட்டும்தான். கட்டணம் ஆளுக்கு இரண்டு வெள்ளி (ரிங்கிட்). இறங்கியதும் பக்கத்திலேயே ரயில் நிலையம். பாடாங் பெசார் பக்கம் போகும் கொமியூட்டர் ரயிலில் ஏறிச் சுங்கைப்பட்டாணியில் இறங்குங்கள். மடக்கு சைக்கிள் என்றால் பையில் போட்டுக்கொண்டு சுலபமாக ஏறலாம், அதைத்தான் நான் செய்கிறேன். பெரிய சைக்கிள் வாடகைக்கு எடுத்தால் ரயிலில் ஏற்ற அனுமதி உண்டா என்று முதல் நாளே நிலையத்தில் கேட்டுவிடுங்கள்.

வாடகைச் சைக்கிளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. நகரத்தில் சுவர் ஓவியம் பார்க்கக் கொடுக்கும் கூடை வைத்த சைக்கிள் இந்தப் பயணத்துக்கு உதவாது. ஒரு முறை என் தம்பி மகளை அழைத்துப் போனபோது ஒரு கடையில் அவசரத்தில் எடுத்த வண்டியில் பின்பிரேக் பிடிக்கவில்லை என்பதை மெர்போக் இறக்கத்தில்தான் தெரிந்துகொண்டோம். கால் தேய்த்து நிறுத்தினாள், முட்டியில் ஆழமான காயம். கியர் உள்ள வண்டியாகப் பாருங்கள், கடை வாசலிலேயே ஓட்டி இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பாருங்கள், மாற்று ட்யூபும் கைப்பம்பும் கேட்டு வாங்குங்கள். செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டங்களுக்கு நடுவில் பஞ்சர் ஆனால் ஒட்டித் தர ஆள் இருக்காது.

சுங்கைப்பட்டாணியிலிருந்து வடக்கே பீடோங் வரை பழைய கூட்டரசுச் சாலை. ஒன்பது பத்து கிலோமீட்டர்தான், ஆனால் இந்தப் பயணத்திலேயே நிம்மதி இல்லாத பகுதி அதுதான். லாரிகள் அதிகம், ஓரத்தை விட்டு நகராதீர்கள். பீடோங்கில் பசியாறிக்கொள்ளுங்கள். நம் ஆட்கள் நிறைய இருக்கும் ஊர், தோசையும் ரொட்டி சானாயும் கிடைக்கும், கடைக்காரரிடம் தமிழிலேயே வழி கேட்கலாம். இரண்டு குப்பித் தண்ணீரை நிரப்பிக்கொண்டு மேற்கே செமிலிங் சாலையில் திரும்பினால் வண்டிகள் குறைந்துவிடும். வலது பக்கம் அந்த மலை தெரிய ஆரம்பிக்கும்.

குனோங் ஜெராய். உயரம் 1,217 மீட்டர். நம் பக்கத்து மேற்குத் தொடர்ச்சி மலையோடு ஒப்பிட்டால் பெரிதில்லை. ஆனால் சுற்றி எல்லாம் வயலும் சதுப்பும் சமவெளியும். அதற்கு நடுவில், கடலோரத்திலேயே இது ஒன்று மட்டும் எழுந்து நிற்கிறது. வங்கக்கடலைக் கடந்து வரும் மாலுமிக்குக் கரை தெரிவதற்கு முன்பே இந்த மலை தெரிந்துவிடும். அதற்குத் தெற்கே மெர்போக் ஆறு அகலமான வாயோடு கடலில் சேர்கிறது. இன்னும் தெற்கே மூடா ஆறு. கப்பலை உள்ளே கொண்டுவந்து அலையில்லாத நீரில் கட்டிப்போட இதைவிட நல்ல இடம் கிடைக்காது. தென்மேற்குப் பருவக்காற்றில் வந்தவர்கள் வடகிழக்குக் காற்று எழும்வரை இங்கே மாதக்கணக்கில் காத்திருந்துதான் திரும்ப முடியும். காத்திருக்கும் ஊரில் கிடங்கு வேண்டும், சந்தை வேண்டும், கும்பிட ஒரு கோயில் வேண்டும். ஏழாம் நூற்றாண்டில் இந்தியாவுக்குப் போன சீனத் துறவி இட்சிங் இந்தத் துறையில் தங்கிக் கப்பலேறியிருக்கிறார். அவர் காலத்தில் வேறொரு துறவி இங்கிருந்து நாகப்பட்டினம் போய்ச் சேர முப்பது நாள் ஆனது என்றும் எழுதி வைத்திருக்கிறார். சைக்கிளை நிறுத்திவிட்டு அந்த மலையைப் பார்க்கும்போது இந்தக் கணக்கு நினைவில் இருக்கட்டும்.

செமிலிங்கைத் தாண்டி மெர்போக் போகும் சாலையிலேயே சுங்கை பத்து தொல்லியல் வளாகம். பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் 2000-களின் இறுதியிலிருந்து தோண்டும் இடம். இங்கே கிடைத்தது பெரும்பாலும் கோயில் அல்ல, இரும்பு. உருக்கு உலைகள், துருத்திக் காற்றை உள்ளே செலுத்திய சுடுமண் குழாய்கள், கசடு, ஆற்றோரத்தில் படகு கட்டிய செங்கல் துறைகள். இன்றைக்கு அந்த இடத்தைப் பார்த்தால் ஆறு எங்கே என்று கேட்பீர்கள். ஆறு வழி மாறிவிட்டது, துறை மட்டும் மண்ணுக்குள் தங்கிவிட்டது. வட்டமும் சதுரமுமாகச் செங்கல் அடுக்கிய சடங்கு மேடை ஒன்றும் உண்டு, மலையை நோக்கியபடி. இதன் காலத்தைப் பற்றி அறிஞர்களுக்குள் இன்னும் வழக்கு தீரவில்லை. கி.மு. எட்டாம் நூற்றாண்டு வரை கொண்டுபோகிறார்கள் சிலர், அவ்வளவு பழமையை ஏற்க முடியாது என்கிறார்கள் மற்றவர்கள். நான் இரண்டாவது கட்சி. ஆனாலும் சோழர் கப்பல் இந்தப் பக்கம் வருவதற்குப் பல நூற்றாண்டுக்கு முன்பே இங்கே உலை எரிந்தது, இரும்பு கப்பலேறியது.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களும் சரி, எங்கள் மலேசியத் தமிழர்களும் சரி, பெரும்பாலோர் "சோழன் கட்டின கோயில் எங்கே?" என்றுதான் கேட்கிறார்கள். கடாரம் சோழன் கட்டிய ஊர் இல்லை தங்கச்சி, சோழன் தாக்கிய ஊர். காவிரிப்பூம்பட்டினத்துத் தெருவில் குவிந்த சரக்குகளைச் சொல்லும்போது பட்டினப்பாலை "ஈழத்து உணவும் காழகத்து ஆக்கமும்" என்கிறது. காழகம் என்றால் கடாரம் என்று உரைகாரர் நச்சினார்க்கினியர் எழுதுகிறார். அப்போதே அது பொருள் விளையும் ஊராக நம் ஆட்களுக்குத் தெரிந்திருக்கிறது. பிறகு சோழர் காலத்தைப் பாருங்கள். கடாரத்து அரசர் சூளாமணிவர்மன் நாகப்பட்டினத்தில் ஒரு புத்த விகாரம் எழுப்பத் தொடங்கினார், மகன் மாறவிசயோத்துங்கவர்மன் முடித்தார். அதற்கு ராசராசன் ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயையே எழுதி வைத்தார். அந்தச் செப்பேடு நெதர்லாந்தின் லைடன் நகருக்குப் போய்விட்டதால் லைடன் செப்பேடு என்றே பெயராகிவிட்டது. ஏறத்தாழ இருபது ஆண்டில், 1025-இல் ராசராசனின் மகன் ராசேந்திரன் கப்பல் படையை அனுப்பிக் கடாரத்து அரசன் சங்கிராம விசயோத்துங்கவர்மனைப் பிடித்தார். "தொடுகடற் காவற் கடுமுரட் கடாரம்" என்று ராசேந்திரன் புகழ் பாடும் மெய்க்கீர்த்தி அந்த ஊரின் வலிமையையே புகழ்ந்துதான் சொல்கிறது.

அப்பா தானம் கொடுத்தார், மகன் படையெடுத்தார், நடுவே வணிகம் நிற்கவே இல்லை. இதுதான் நமக்கும் இந்த மண்ணுக்கும் உள்ள உறவு. இதை வெறும் வெற்றிக்கதையாகச் சுருக்கினால் இங்கே இரும்பு உருக்கியவரையும், மணி கோத்தவரையும், கோயில் கட்டிய தச்சரையும் மறந்துவிடுகிறோம். சைவரும் பௌத்தரும் ஒரே ஆற்றங்கரையில் வழிபட்ட ஊர் இது. மலையின் வடபுறம் புக்கிட் சோராஸ் என்ற குன்றில் 2023-இல் தோண்டியபோது ஆள் அளவு உள்ள புத்தர் சிலைகளே கிடைத்தன, கல்லில் அல்ல, சுதையில்.

மெர்போக் சிற்றூரை அடைந்ததும் அருங்காட்சியகத்துக்குத் திரும்பும் பாதை. இரண்டு மூன்று கிலோமீட்டர், கடைசியில் கொஞ்சம் ஏற்றம். மூச்சு வாங்கினால் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள், இரண்டு பக்கமும் பழமரங்களும் கம்பத்து (மலாய்ச் சிற்றூர்) வீடுகளும் உள்ள அழகான பாதைதான். சுங்கைப்பட்டாணியிலிருந்து இதுவரை ஏறக்குறைய 25 கிலோமீட்டர் மிதித்திருப்பீர்கள்.

வளாகத்துக்குள் நுழைந்ததும் நேரே காட்சிக்கூடத்துக்குள் போகாமல், மேலே ஏறிப் புக்கிட் பத்து பகாட் கோயிலுக்குப் போங்கள். மலாயில் பழங்கோயில் இடிபாட்டைச் 'சண்டி' என்பார்கள், பலகைகளில் அப்படித்தான் இருக்கும். வளாகத்தில் உள்ள மற்றச் சண்டிகள் வேறு இடங்களில் தோண்டி இங்கே கொண்டுவந்து அடுக்கப்பட்டவை. இது மட்டும் பிறந்த இடத்திலேயே இருக்கிறது, மெர்போக் கெச்சில் என்ற சிற்றாற்றின் கரையில். 1936-37-இல் தொல்லியல் ஆய்வாளர் குவாரிச் வேல்ஸும் அவர் மனைவி டோரதியும் இந்தப் பள்ளத்தாக்கில் முப்பது இடங்கள் வரை தேடிக் கண்டு எண் போட்டார்கள். இதற்கு எண் 8. சரிந்து கிடந்த கற்களை 1959-60-இல் அலஸ்டேர் லாம்ப் என்ற ஆய்வாளர் தலைமையில் மறுபடி அடுக்கி நிறுத்தினார்கள்.

அங்கே போனதும் உட்காருங்கள். கருங்கல் மேடை, ஒரு முனையில் சதுரமான கருவறைத் தளம், அதை ஒட்டி நீளமான மண்டபத் தளம். மண்டபத்தில் வரிசை வரிசையாகக் குட்டையான கல் பாதங்கள் நிற்கும், நடுவில் குழியோடு. அந்தக் குழிகளைத்தான் பார்க்க வேண்டும். கல் தூண் உடைந்து மிஞ்சிய அடி என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அந்தக் குழியில் மரத்தூண் நின்றது. மேலே மரச்சட்டமும் கூரையும். கல்லில் கோபுரம் கட்டத் தெரியாமல் அப்படிச் செய்யவில்லை. இந்த மழைக்கும் புழுக்கத்துக்கும் நாலு பக்கமும் காற்றோடும் மர மண்டபம்தான் ஏற்றது, அதற்கான மரமும் கைத்திறனும் இந்த மண்ணிலேயே இருந்தன. கருவறையும் மண்டபமும் நம் முறை, மேலே கூரை இந்த ஊர் முறை. மரம் மக்கி மண்ணாகிவிட்டது, கல் மட்டும் மிச்சம். மண்டபத் தளத்தின் ஓரமாக நின்று, அந்தப் பாதங்களில் தூண்களை நீங்களே மனத்தில் நட்டு, கூரையைப் போட்டுப் பாருங்கள். எனக்கு முதல் முறை அது தெரிந்தபோது கண் கலங்கிவிட்டது. இது சிவன் கோயிலாக இருந்திருக்கும் என்பது பொதுவான கருத்து. காலம் ஏறத்தாழப் பதினோராம் நூற்றாண்டு என்பார்கள், அதாவது ராசேந்திரன் படையெடுத்த அதே நூற்றாண்டு.

லாம்ப் குழுவினர் கருவறைத் தளத்தின் அடியிலிருந்து கல் பேழைகளை எடுத்தார்கள். உள்ளே சின்னச் சின்னக் குழிகள், அவற்றில் உலோகத்தகடும் மணிகளும். நம் ஊரில் கோயில் கட்டும்போது கருவறைக்கு அடியில் நவமணி வைப்பார்களே, அதே வழக்கம். வெளியே பார்த்து முடித்துவிட்டுக் காட்சிக்கூடத்துக்குள் போனால் இந்த மாதிரிப் பொருள்கள் பேச ஆரம்பிக்கும். சீனத்துப் பீங்கான் உடைசல், மேற்காசியக் கண்ணாடித் துண்டு, மணிகள், சுடுமண் விநாயகர், எருமைத்தலை அசுரனை வதைக்கும் துர்க்கை. எல்லாம் ஒரே பள்ளத்தாக்கில் கிடைத்தவை. முதலிலேயே உள்ளே போனால் இவை கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் உடைந்த சாமான்களாகத்தான் தெரியும்.

ஒரு வேண்டுகோள். கற்பூரம் ஏற்றாதீர்கள், குங்குமம் பூசாதீர்கள், எண்ணெய் ஊற்றாதீர்கள். பக்தியோடுதான் செய்கிறார்கள், தெரியும். ஆனால் கல்லில் ஊறிய எண்ணெயையும் நிறத்தையும் பிறகு எடுக்க முடியாது. கை கூப்பினால் போதும். மேடை மேல் ஏறி நின்று படம் எடுப்பதும் வேண்டாம்.

இருப்பதைக் காப்பாற்றச் சொல்வது சும்மா இல்லை. 2013 இறுதியில், இதே சுங்கை பத்துப் பக்கத்தில், 11 என்று எண் போடப்பட்டிருந்த சண்டியை வீட்டுமனைக்காக நிலம் திருத்தியபோது இயந்திரம் கொண்டு இடித்துவிட்டார்கள். தனியார் நிலம், அரசிதழில் அறிவித்துப் பாதுகாக்கப்படாத இடம். ஆயிரம் ஆண்டு நின்ற அடித்தளம் போய்விட்டது. அந்தச் செய்தி வந்த வாரம் எங்கள் வீட்டுப் பழைய அடுப்புக்கல்தான் எனக்குத் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. அறியாமல் எடுத்த அம்மாக்களை நான் குறை சொல்ல மாட்டேன், அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. எண் போட்ட பிறகும் இடித்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

பெரும்பாலோர் அருங்காட்சியகத்தோடு திரும்பிவிடுவார்கள். நீங்கள் திரும்பாதீர்கள். மெர்போக்கிலிருந்து தென்மேற்கே பத்து கிலோமீட்டர் அளவில் தஞ்சோங் டாவாய் என்ற மீனவர் ஊர், மெர்போக் ஆற்றின் வாயில். பெரும்பாலும் சமதளச் சாலை. ஊர் நெருங்கும்போதே கருவாட்டு வாசம் வரும், சாலையோரம் நெத்திலி காயும். அங்கே ஆற்றைக் கடக்கச் சின்னப் படகு உண்டு, மோட்டார்சைக்கிளையே ஏற்றும் படகு, சைக்கிளுக்குக் கேட்கவே வேண்டாம். அக்கரை பந்தாய் மெர்டேக்கா. கடப்பதற்குச் சில நிமிடம்தான். நடு ஆற்றில் திரும்பிப் பாருங்கள். வலமும் இடமும் கண்டல் காடு, பின்னால் முழு உருவத்தோடு ஜெராய் மலை. காலையிலிருந்து மலையடிவாரத்தில் நீங்கள் பார்த்த ஒவ்வொரு கல்லும் இந்த வாய் வழியாக வந்த ஆட்களின் பணத்தில் எழுந்தது. இந்தக் காட்சிக்காகத்தான் சைக்கிளில் போகச் சொல்கிறேன். கார் இந்தப் படகில் ஏறாது, சுற்றித்தான் வர வேண்டும்.

அக்கரையிலிருந்து சுங்கைப்பட்டாணி நிலையம் 25 கிலோமீட்டரை ஒட்டி வரும். ஆக ஒரு சுற்று 60 கிலோமீட்டரைத் தாண்டும். பழக்கம் இல்லாதவர்களுக்கு இது கடினமான நாள். காலை பத்து மணிக்குள் அருங்காட்சியகம், பிற்பகல் இரண்டு மணிக்குள் தஞ்சோங் டாவாய் என்று வைத்துக்கொண்டால் இருட்டுவதற்குள் ரயிலடிக்கு வந்துவிடலாம். தொடை வலித்தால் மெர்போக்கிலிருந்தே வந்த வழியே திரும்புங்கள், அதில் குறைவு ஒன்றும் இல்லை. நல்ல தெம்பு இருந்தால் கோத்தா குவாலா மூடா வழியாகப் போகலாம். பக்கத்தில் சுங்கை மாஸ் என்ற கம்பம், மணி செய்த ஊர், பழைய பௌத்தக் கல்வெட்டும் கிடைத்த இடம். 2004 சுனாமி அடித்த கரையும் அதுதான், நினைவுக்கூடம் ஒன்று வைத்திருக்கிறார்கள்.

பாதுகாப்பைக் கேட்டீர்கள். நான் தனியாகவே போய்வருகிறேன், இந்தப் பக்கம் யாரும் தொந்தரவு செய்ததில்லை. நாய்கள்தான் துரத்தும், இறங்கிச் சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நடந்தால் விட்டுவிடும். வெயிலுக்குத்தான் பயப்பட வேண்டும். ஜனவரி, பிப்ரவரி எங்களுக்கு மழை குறைந்த மாதங்கள், சாலை காய்ந்திருக்கும், ஆனால் பதினொரு மணிக்கு மேல் தலை சுற்ற வைக்கும். கைநீளச் சட்டை, தொப்பி, உப்புச் சேர்த்த தண்ணீர். கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும், பினாங்கைப் போல் சனி ஞாயிறு அல்ல. வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகை நேரத்தில் கம்பத்துக் கடைகள் மூடிக் கிடக்கும், அன்று போகாதீர்கள். நீங்கள் வரும் நாள் தைப்பூசத்தோடு மோதுகிறதா என்றும் பஞ்சாங்கத்தைப் பார்த்துவிடுங்கள். பினாங்கில் அப்போது தங்க இடம் கிடைப்பதும் கடினம், படகிலும் கூட்டம் தாங்காது.

இரண்டாம் நாளுக்கு உடம்பு ஓய்வு கேட்கும். கோலாலம்பூருக்கு எப்படியும் ரயிலில்தானே போகிறீர்கள்? கொஞ்சம் முன்னதாகக் கிளம்பிப் புக்கிட் மெர்தாஜாமில் இறங்குங்கள். அங்கே செயிண்ட் ஆன் தேவாலய வளாகத்தில், சேரோக் தொக்குன் என்ற இடத்தில் ஒரு பெரிய கருங்கல் பாறை இருக்கிறது. அதில் பல்லவ எழுத்தை ஒத்த வடமொழி எழுத்துகள், தேய்ந்துபோய். 1845-இல் ஜேம்ஸ் லோ என்ற பிரிட்டிஷ் அதிகாரி அதைப் பதிவு செய்தார். அதற்குப் பதினொரு ஆண்டு முன்பு, 1834-இல், பினாங்கின் பெருநிலப் பக்கமான இதே செபராங் பிறைப் பகுதியில் அவர் இன்னொரு கல்லையும் கண்டெடுத்திருந்தார். ஐந்தாம் நூற்றாண்டுக் கல், ஸ்தூபி ஒன்றின் படம், பக்கத்தில் ரக்தமிருத்திகை என்ற ஊரைச் சேர்ந்த புத்தகுப்தன் என்ற பெருமாலுமியின் பெயர், பயணம் நல்லபடி முடிய வேண்டும் என்ற வேண்டுதல். அந்தக் கல் இப்போது கொல்கத்தா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சேரோக் தொக்குன் பாறையைத் தூக்க முடியாது, அதனால் இங்கேயே இருக்கிறது. சாய்ந்த வெயிலில் பார்த்தால் எழுத்து கொஞ்சம் தெளிவாகத் தெரியும், அதனால் காலை ஒன்பது மணிக்கு முன்னாலேயே போய்விடுங்கள். நிலையத்திலிருந்து சைக்கிளில் எட்டிவிடும் தூரம்தான். சைக்கிளை ஜார்ஜ்டவுனில் திருப்பிக் கொடுத்துவிட்டீர்கள் என்றால் வாடகைக் காரில் போய்வரலாம்.

எந்தத் தேதி என்று முடிவானதும் எழுதுங்கள். அன்று எனக்கு ஒழிவு இருந்தால் பீடோங்கில் காத்திருக்கிறேன், மெர்போக் வரை கூடவே மிதிக்கிறேன்.